ஆறுக்கு ஒரு சங்கு

எட்டுப் பாகம், அதாவது எட்டு ஆள் ஆழத்தில் சங்கை அளக்க வளனிடம் இருந்தது அவன் கைதான். மணலில் பாதி புதைந்து கிடக்கிற சங்கைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் சுற்றிப் பிடிப்பான். விரல் நுனிகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அது பிள்ளைச் சங்கு. அப்படியே விட்டுவிட்டு நகர்ந்துவிடுவான். தொடாமல் போதுமான இடைவெளி இருந்தால் கழுத்தில் தொங்கும் வலைப்பைக்குள் போட்டுக்கொள்வான். மூச்சு முட்டுகிற நேரத்தில், கண் எரிகிற தண்ணீருக்குள் இதைச் செய்ய வேண்டும். எங்கள் கரையில் சங்கு குளித்த எட்டுப் பேரும் இப்படித்தான் செய்தார்கள்.

சட்டத்துக்குப் பயந்து அல்ல, கேலிக்குப் பயந்துதான். சாயங்காலம் தோணி கரைக்கு வந்ததும் அளவுப்பலகையைத் தூக்கி வந்து மணலில் இரண்டு கல்மேல் கிடத்துவார்கள். வேப்பம்பலகை. நடுவில் வட்டமாக ஒரு துளை. கணக்கப்பிள்ளை சங்கரபாண்டியன் ஒவ்வொரு சங்காக எடுத்துத் துளையில் வைப்பார். நின்றால் கூலி உண்டு, சங்குக்கு இரண்டு அணா. துளை வழியே கீழே விழுந்தால் பிள்ளைச் சங்கு. கூலி கிடையாது, மறுநாள் கடலுக்கே திரும்பப் போய்விடும். ஒரு சங்கு விழுந்ததோ இல்லையோ, தோணியில் உள்ள அத்தனை பேரும் “பிள்ளைபிடிகாரன்! பிள்ளைபிடிகாரன்!” என்று கூவுவார்கள். சங்கு யாருடையதோ அவன் அன்றைக்கு எல்லாருக்கும் கருப்பட்டிக் காப்பி வாங்கித் தர வேண்டும். காப்பிகூடப் பரவாயில்லை. தெருப் பிள்ளைகள் ஒரு வாரத்துக்கு அவன் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடும்.

நாலு வருடத்துக்கு முன்னால் வளனுக்கு ஒரே வாரத்தில் ஐந்து தடவை அது நடந்தது. தன் கை பொய் சொல்கிறது என்று அவன் நினைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு விரல்களுக்கு நடுவே ஒரு நெல்மணி அளவு இடைவெளி இருந்தாலும் எடுக்க மாட்டான். இரண்டு நெல் இருந்தால்தான் எடுப்பான். மற்றவர்களும் அந்த வருடங்களில் நிறையக் காப்பி வாங்கிக் கொடுத்து, அவனைப் போலவே பழகிக்கொண்டார்கள்.

1948-ஆம் வருடம் மே மாதம் சங்குக்குளி முடிந்தது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீச ஆரம்பித்து மணலை வாரி வாரி வீட்டுக்குள் போட்டுக்கொண்டிருந்தது. அப்போதுதான் கணக்கப்பிள்ளை எட்டுப் பேரையும் சங்கு சேர்த்து வைக்கிற கிட்டங்கி முன்னால் கூப்பிட்டு நிறுத்தி ஒரு காகிதத்தை வாசித்தார். சங்கு எடுக்கிற குத்தகை அப்போது ஒரு கம்பெனியின் கையில் இருந்தது. புது மேனேஜர் கிருபாநிதி பாளையங்கோட்டையிலிருந்து வந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை.

“ஏலே, சத்தம் போடாமக் கேளுங்க” என்றார் சங்கரபாண்டியன். “தலையாபீசுல இருந்து பித்தளைத் தகடு வந்திருக்கு. அதுல உள்ள ஓட்டை ரெண்டே காலே அரைக்கால் இஞ்சு. அதான் சரியான அளவு. நம்ம பலகை ஓட்டை அதவிடச் சின்னதா இருக்கு. அப்பம், விழ வேண்டிய சங்கு விழாம நின்னிருக்கு. அதுக்கும் நீங்க கூலி வாங்கிட்டிய. ரெண்டு வருசமா.”

தோணித் தலைவர் ரோச் கேட்டார்: “அண்ணாச்சி, பலகைய நாங்களா செஞ்சோம்?”

“யாரு செஞ்சான்னு கேக்கலை. யாரு வாங்குனான்னுதான் கேக்குதேன்.”

“எவ்வளவு வாங்கிட்டோமாம்?”

“ஆறுக்கு ஒண்ணு. வடக்க ஒரு கரையில இதே மாதிரி அளந்து பாத்ததுல ஆறுக்கு ஒண்ணு விழுந்திருக்கு. அதையே இங்கயும் போட்டாச்சு. ரெண்டு வருசத்துல எட்டுப் பேரும் எடுத்தது பத்தொம்பதாயிரத்து இருநூறு சங்கு. அதுல மூவாயிரத்து இருநூறு பிள்ளைச் சங்கு. நானூறு ரூவா. ஆளுக்கு அம்பது. ஜூன் ஒண்ணாந்தேதிக்குள்ள கட்டிரணும். கட்டாதவன் பேரு அடுத்த வருசம் குளிக்கிற லிஸ்டுல இருக்காது.”

ரோச் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மற்றவர்கள் காலடி மணலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வளன் வீட்டுக்கு நடந்தான்.

அவன் மனைவி ஹில்டா அதே கிட்டங்கியில் சங்கு கழுவுகிறவள். அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலிலிருந்து வருகிற சங்கை அப்படியே குழியில் குவித்து அழுக விடுவார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துச் சதை தானாகக் கழன்று வரும்போது, பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்து கம்பியால் குடைந்து, கடல் தண்ணீரில் கழுவி, பெரிது, நடுத்தரம், சிறிது என்று மூன்று குவியலாகப் போடுவார்கள். அந்த வாடை தலைமுடிக்குள் போய்விட்டால் எத்தனை சீயக்காய் போட்டாலும் போகாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அந்தப் பன்னிரண்டு பெண்களும் கடைசி வரிசையில்தான் முழங்காலிடுவார்கள். யாரும் போகச் சொன்னதில்லை. அவர்களாகவே போய்விடுவார்கள். ஹில்டா மட்டும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வேண்டுமென்றே நடுவில் போய் நிற்பாள்.

அன்று அவள் வந்தபோது வளன் குசினி வாசலில் உட்கார்ந்திருந்தான். அவள் கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். காய்ந்த சங்குச் சதையைச் சீவி, வற்றல் மிளகாயோடு சட்டியில் போட்டாள். ரேஷனில் கிடைத்த மைலோச் சோள மாவில் களி கிண்டி முடித்தும் அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.

“என்ன, கடல் உள்வாங்குன மாதிரி உக்காந்திருக்கிய?”

அவன் சொன்னான். அவள் கரண்டியைச் சட்டிமேல் வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“அம்பது ரூவாயா? ஒரு ஆளுக்கா?”

“ஆமா. வள்ளத்தக் குடுத்துரலாம்னு பாக்கேன்.”

சங்கு எடுக்காத மாதங்களில் மீன் பிடிக்க அந்தச் சின்ன வள்ளத்தை அவர்கள் போன வருடம்தான் வாங்கியிருந்தார்கள். அதற்கு முன்னால் வளன் அந்த மாதங்களில் துறைமுகத்தில் பஞ்சுப் பொதி தூக்கிக்கொண்டிருந்தான். வள்ளம் வந்த பிறகு மூன்று பிள்ளைகளும் ஒரு நாள்கூடப் பசியோடு படுக்கவில்லை.

“வள்ளத்தக் குடுத்துட்டு?”

“திரும்பப் பொதி தூக்குதேன். பேரு வெட்டாம இருந்தாப் போதும்லா. கூட வாங்கியிருந்தாத் திருப்பிக் குடுக்கத்தான செய்யணும்? அடுத்தவன் காசு நமக்கு எதுக்கு?”

“கூட வாங்கியிருந்தாக் குடுப்போம். நான் வேண்டாம்னா சொல்லுதேன்? வாங்குனமான்னுதான் கேக்கேன்.”

“பித்தளையில ஓட்டை போட்டு வச்சிருக்காவ ஹில்டா. நான் பாத்தேன். நம்ம பலகை சின்னதுதான்.”

“ஓட்டையத்தான வச்சிருக்காவ. சங்கு எங்க இருக்கு? எங்கிட்டல்லா இருக்கு.”

அது உண்மைதான். அந்த இரண்டு வருடச் சங்கும் அங்கேயே கிடந்தது. வழக்கமாக மே மாதம் கப்பலேறி வளையல் அறுக்கக் கல்கத்தாவுக்கும் டாக்காவுக்கும் போய்விடும். அங்கே முதலில் கலவரம், பிறகு தேசமே இரண்டாகிவிட்டது. வாங்குகிறவர்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்றே தெரியாமல் கம்பெனி சரக்கை நிறுத்தி வைத்திருந்தது.

“ரெண்டு வருசமா ஒவ்வொரு சங்கையும் இந்தக் கையாலதான் கழுவியிருக்கேன்” என்றாள் ஹில்டா. “ஆறுக்கு ஒண்ணு பிள்ளைச் சங்காம். நானும் பிள்ள பெத்தவதான், எனக்குப் பிள்ளையத் தெரியாதா? அளக்கச் சொல்லுங்க.”

“அளந்து பாத்து, அவிய சொன்னதவிடக் கூட இருந்துட்டா?”

“கூடக் குடுப்போம்.”

“எத வித்து?”

“உங்க மீசைய வித்து. சாப்பிடுங்க, களி ஆறுது.”

அவன் சாப்பிடவில்லை. தான் ஏமாற்றி வாங்கிவிட்டோம் என்ற எண்ணம் அவனைப் பிடித்துக்கொண்டது. அந்த வாரம் பூசைக்குப் போனவன், பாவத்தோடு வாங்கக் கூடாது என்று நன்மை அப்பம் வாங்காமல் திரும்பி வந்துவிட்டான். ஹில்டாவுக்கு ஐம்பது ரூபாயைவிட அதுதான் பெரிய கோபமாக இருந்தது.

புதன்கிழமை தருவைகுளத்திலிருந்து செல்வதுரை என்கிறவர் வள்ளத்தைப் பார்க்க வந்தார். வளன்தான் சொல்லி அனுப்பியிருந்தான். அவர்கள் கடற்கரைக்குப் போனபோது வள்ளத்துக்குள் ஹில்டா உட்கார்ந்திருந்தாள். மடியில் சுளகு, சுளகில் சூடை மீன். ஒவ்வொன்றாக எடுத்துச் செதிலை உரசிக்கொண்டிருந்தாள்.

“தாயி, கொஞ்சம் இறங்குனியன்னா அடிப்பலகையத் தட்டிப் பாப்பேன்” என்றார் செல்வதுரை.

“மீன் ஆய்ஞ்சிக்கிட்டிருக்கேன் அண்ணாச்சி.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“ஜூன் ஒண்ணாந்தேதி ஆயிரும்.”

பக்கத்தில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஆக்னஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளும் சங்கு கழுவுகிறவள். அவள் புருஷனும் அந்த எட்டுப் பேரில் ஒருவன். “அண்ணாச்சி, வள்ளத்தோட சேத்து அவளையும் வெலை பேசுங்க. சங்கு வாடைக்குத் தனியாக் கழிச்சிக்கிடலாம்” என்றாள்.

செல்வதுரை நல்ல மனிதர். நாற்பத்தைந்து ரூபாய் தருகிறேன் என்று ஒரு தடவை சொன்னார். ஹில்டா சூடையின் தலையைக் கிள்ளி, காத்திருந்த காக்கைக்கு எறிந்தாள். இரண்டாவது தடவை சொல்லாமல் அவர் வளனிடம், “வீட்டுல பேசிட்டுச் சொல்லி அனுப்புப்பா” என்று கிளம்பிவிட்டார்.

“என்னளா இப்பிடி மானத்த வாங்குத?” என்றான் வளன்.

“மானம் இருக்குன்னுதான் உக்காந்திருக்கேன். விக்கணும்னா என்னைய அளந்து பாத்துட்டு வித்துக்கிடுங்க.”

மறுநாள் காலையில் அவள் மேனேஜரைப் பார்க்கப் போனாள். ஆக்னஸும் கூடப் போனாள். கிருபாநிதி இளவயதுக்காரர். கண்ணாடி போட்டிருப்பார். வந்த நாளிலிருந்து மூக்கில் கைக்குட்டையை வைத்தபடிதான் பேசுவார். அதற்காக அவரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அந்த வாடைக்குப் பழக எல்லாருக்கும் நாள் ஆகும்.

“அம்மா, இது ஆபீஸ் கணக்கு. நான் தனியாக மாற்ற முடியாது” என்றார்.

“கணக்கு காயிதத்துல இருக்கு சார். சங்கு கிட்டங்கில இருக்கு. காயிதத்தையா கப்பல்ல ஏத்தப் போறிய?”

சங்கரபாண்டியன் குறுக்கே வந்தார். “பத்தொம்பதாயிரம் சங்க எவன் அளப்பான்? ஒரு மாசம் ஆகும்.”

“எல்லாத்தையும் எதுக்கு அண்ணாச்சி? மூணு குமியலா நாங்கதான பிரிச்சுப் போட்டிருக்கோம். சின்னக் குமியல மட்டும் அளங்க. அய்யாயிரம் இருக்கும். பிள்ளைச் சங்கு இருந்தா அதுலதான் இருக்கணும், நடுக் குமியல்ல போயி ஒளிஞ்சிக்கிடுமா? நாங்க பன்னெண்டு பொம்பளைய இருக்கோம். விடியமுன்ன ஆரம்பிச்சா ஒரு நாள்ல முடியும்.”

மேனேஜர் கைக்குட்டையை மடித்தார், விரித்தார். “சரி, அளக்கலாம். ஆனால் என்ன எண்ணிக்கை வந்தாலும் நீங்கள் கட்டுப்பட வேண்டும்.”

“நீங்களும் கட்டுப்படணும்லா சார்.”

அவர் தலையசைத்தார்.

சனிக்கிழமை கிட்டங்கி முற்றத்தில் தெருவே கூடிவிட்டது. காலிப் பீப்பாய் ஒன்றை நிமிர்த்தி வைத்து, அதன் வாயில் பலகை அடித்து, நடுவில் பித்தளைத் தகட்டைப் பதித்திருந்தார்கள். துளையில் சங்கை வைக்க வேண்டும். நின்றால் எடுத்து வலப்பக்கம் போட வேண்டும். விழுந்தால் பீப்பாய்க்குள் ‘டங்’ என்று கேட்கும். பெண்கள் வரிசையாக நின்று குவியலிலிருந்து சங்கைக் கைமாற்றிக் கொடுத்தார்கள். ஆக்னஸ் துளையில் வைத்தாள். ஒரு பக்கம் கணக்கப்பிள்ளை, இன்னொரு பக்கம் ரோச், இரண்டு பேரும் எண்ணினார்கள். மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்து நோட்டில் கோடு போட்டார்.

வளன் முற்றத்துக்குள் வரவில்லை. மதிலுக்கு வெளியே கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தான். அங்கிருந்தே சத்தம் கேட்கும்.

மூன்றாவது சங்கே விழுந்தது. டங்.

சங்கரபாண்டியன் தொண்டையைச் செருமினார். ஹில்டா வரிசையில் நின்றபடி அடுத்த சங்கைக் கை மாற்றினாள். அவள் முகம் வெளுத்துப்போனதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். நாலு, ஐந்து, பத்து, இருபது. விழவில்லை. ஐம்பது. நூறு. நூற்றுப் பன்னிரண்டாவது சங்கு ‘டங்’ என்றது. அதற்குப் பிறகு முந்நூறு வரைக்கும் ஒன்றும் இல்லை.

“என்ன அண்ணாச்சி, பீப்பா தூங்கிட்டா?” என்றார் ரோச்.

“எண்ணுலே, பேசாத. எண்ணிக்கை தப்பிரும்.”

வெயில் ஏறியது. கச்சான் காற்று வாயில் மண்ணை அள்ளிப் போட்டது. பெண்களின் உள்ளங்கை சங்கு முனை பட்டுக் கீறிச் சிவந்துவிட்டது. யாரோ வீட்டிலிருந்து ஒரு குடம் கருப்பட்டிப் பானக்கரம் வந்தது. மேனேஜருக்கும் ஒரு கோப்பை கொடுத்தார்கள். அவர் ஒரு கையால் மூக்கையும் ஒரு கையால் பென்சிலையும் பிடித்திருந்ததால், எதை விடுவது என்று யோசித்துவிட்டுக் கைக்குட்டையை மடியில் போட்டார். அதற்குப் பிறகு அதை எடுக்கவே இல்லை. மத்தியானம் இரண்டாயிரத்து எண்ணூறு அளந்திருந்தது. விழுந்தது இருபத்தாறு. பார்க்க வந்தவர்கள் அதற்குள் ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். ‘டங்’ என்று கேட்டால் “ஐயோ” என்பார்கள். நூறு சங்கு நின்றால் கை தட்டுவார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்குச் சின்னக் குவியல் தீர்ந்து தரை தெரிந்தது. ஐயாயிரத்து நூற்று ஐந்து. கணக்கப்பிள்ளையின் எண்ணிக்கையும் ரோச்சின் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருந்தன. மேனேஜர் எழுந்து வந்து பீப்பாயைத் தானே கவிழ்த்து விழுந்த சங்குகளை எண்ணினார்.

“நாற்பத்து மூன்று” என்றார்.

“நடுக் குமியலையும் அளக்கணும் சார்” என்றார் சங்கரபாண்டியன். குரல் இறங்கியிருந்தது. மேனேஜர் நடுக் குவியலுக்குள் கையை விட்டு, அடியிலிருந்தும் ஓரத்திலிருந்தும் பொறுக்கிக் கண்ணுக்குச் சிறிதாகப் பட்ட இருபது சங்குகளைக் கொண்டுவந்து துளையில் வைத்தார். ஒன்றும் விழவில்லை. பக்கத்தில்கூட வரவில்லை.

“மூவாயிரத்து இருநூறு என்று எழுதியிருந்தோம்” என்று தனக்குத்தானே சொன்னார்.

கூட்டம் ஆரவாரித்தது. ஹில்டா கையை உயர்த்தினாள்.

“சத்தம் போடாதிய. நாப்பத்து மூணு விழுந்திருக்குல்லா? அது நம்ம கூட வாங்குனதுதான். எம்பத்தாறு அணா. அஞ்சு ரூவா ஆறணா. எட்டு வீட்டுலயும் பிரிச்சுக் குடுத்துருதோம் சார். வாங்கிட்டு ரசீது போடுங்க.”

“அது சின்னத் தொகைதானே, தள்ளிவிடலாம் அம்மா.”

“தள்ள வேண்டாம் சார். என் வீட்டு ஆளு ஒரு வாரமா ஒழுங்காச் சோறு திங்கலை.”

மேனேஜர் மதிலுக்கு வெளியே உட்கார்ந்திருந்த முதுகைப் பார்த்தார். பிறகு சங்கரபாண்டியனிடம் திரும்பினார். மேனேஜருக்கு ஒன்று புரியவில்லை. பலகைத் துளை சின்னதுதான், அதை அவரே அளந்து பார்த்திருந்தார். வடக்குக் கரையில் ஆறுக்கு ஒன்று விழுந்த இடத்தில் இங்கே ஏன் நூற்றுக்கு ஒன்றுகூட விழவில்லை?

“அந்தப் பலகையைக் கொண்டு வாருங்கள்.”

கொண்டுவந்தார்கள். துளையின் உள்விளிம்பைச் சுற்றி மண்ணெண்ணெய் டின் தகரத்தை மடித்து ஆணி அடித்திருந்தது.

“இந்தத் தகரம் எதற்கு?”

“அது நான்தான் அடிக்கச் சொன்னேன் சார், ரெண்டு வருசத்துக்கு முன்ன” என்றார் கணக்கப்பிள்ளை. “பலகை பழசு. தினமும் சங்கு உரசி உரசி ஓட்டை தேஞ்சு போச்சு. மேலும் தேயாம இருக்கட்டும்னு தகரத்த ரெண்டு மடிப்பா மடிச்சு அடிச்சோம். அதுல கொஞ்சம் சுருங்கிட்டு. நல்லதுக்குத்தான் செஞ்சேன்.”

அவர் சொன்னது உண்மை. கெட்ட எண்ணம் அவருக்கு இல்லை. ஆனால் ஹில்டா இரண்டு எட்டு முன்னால் வந்தாள்.

“அண்ணாச்சி, இப்ப என்ன சொன்னிய? ஓட்டை தேஞ்சு போச்சா?”

“ஆமா.”

“தேஞ்சா ஓட்டை சிறுக்குமா, பெருக்குமா?”

சங்கரபாண்டியன் குனிந்து பலகைத் துளையைப் பார்த்தார்.

ஹில்டா சங்கு குடைகிற கம்பியைத் தகரத்துக்கு அடியில் விட்டு நெம்பினாள். துருப்பிடித்த ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. தகரம் கையோடு வந்தது. உள்ளே மரம் வழவழவென்று குழிந்து தேய்ந்திருந்தது. பித்தளைத் துளையில் நின்ற சங்குகள் வலப்பக்கம் மலைபோலக் குவிந்திருந்தனவே, அதிலிருந்து ஆகச் சிறிதாகப் பார்த்து ஒன்றை எடுத்தாள். எல்லாருக்கும் காட்டினாள். வெறும் மரத்துளையில் வைத்தாள். சங்கு நேராக அவள் காலடியில் விழுந்தது.

இன்னொன்று எடுத்தாள். அதுவும் விழுந்தது. மூன்றாவது நின்றது. நாலு, ஐந்து, ஆறு விழுந்தன. பத்துச் சங்கில் ஏழு விழுந்தன. ஏழும் கூலிக்கு உரிய சங்கு.

“தகரம் அடிக்கிறதுக்கு முன்ன மூணு வருசம் இந்த ஓட்டையிலதான் எங்களுக்கு அளந்திய” என்றாள் ஹில்டா.

அப்போது வளன் உள்ளே வந்தான். எப்போது எழுந்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. குனிந்து, விழுந்து கிடந்த ஒரு சங்கை எடுத்தான். கட்டைவிரலாலும் நடுவிரலாலும் சுற்றிப் பிடித்தான். விரல்களுக்கு நடுவே ஒரு நெல்மணி அளவு இடைவெளி. அதைப் பித்தளைத் துளையில் வைத்தான். நின்றது.

“சார்” என்றான். அவன் குரலை மேனேஜர் அப்போதுதான் முதலில் கேட்டார். “நாலு வருசத்துக்கு முன்ன ஒரே வாரத்துல அஞ்சு தடவ என்னையப் பிள்ளைபிடிகாரன்னு சொன்னாவ. நான் சரியாத்தான் எடுத்திருக்கேன். பலகைதான் தப்பு. அதுக்குப் பயந்துதான் நாங்க பெருசாப் பாத்து எடுக்கப் பழகுனோம். நல்ல சங்க எத்தனையோ கடல்லயே விட்டுட்டு வந்திருக்கோம். அதான் ஒங்க பித்தளையில அதிகமா விழலை.”

“ஏலே வளன்” என்றார் ரோச், கண்ணைத் துடைத்துக்கொண்டே, “அந்த அஞ்சு காப்பிக் காசையும் சேத்துக் கேளுலே. ஏழு பேருக்கு அஞ்சு நாள்!”

“நீங்க குடிச்சத நீங்கதான் தரணும்” என்றான் வளன். ஒரு வாரத்துக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் பார்த்தோம்.

மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தார். “அந்த மூன்று வருடத்தில் எத்தனை சங்கு அப்படி விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? எல்லாம் கடலுக்குள் போய்விட்டதே. அதற்குக் கணக்கு ஏது?”

“எங்களுக்கு ஏது சார் கணக்கு இருந்துச்சு?” என்றாள் ஹில்டா. “ஆறுக்கு ஒண்ணுன்னு போட்டியள்லா? அதையே போடுங்க.”

அவர் பென்சிலை எடுத்து நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். மூன்றாவது வரியில் வந்த தொகையைப் பார்த்ததும் பென்சில் நின்றுவிட்டது. அது அறுநூறு ரூபாய் என்று ரோச் எட்டிப் பார்த்துவிட்டு எங்களிடம் சொன்னார்.

அந்த அறுநூறு ரூபாய் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று ஹில்டாவும் நினைத்திருக்க மாட்டாள். ஆனால் கிருபாநிதி அங்கேயே, அந்தப் பீப்பாயின்மேல் காகிதத்தை வைத்து எழுதினார். எட்டுப் பேரிடமும் நாற்பத்து மூன்று சங்குக்கு மேல் ஒரு பைசா பாக்கி இல்லை. எட்டுப் பேரின் பெயரும் அடுத்த வருட லிஸ்டில் இருக்கும். இனிமேல் பித்தளைத் தகட்டில்தான் அளப்பது, அதுவும் குளிக்கிறவர்கள் கண்முன்னால். கையெழுத்துப் போட்டார். சங்கரபாண்டியனையும் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் போட்டுவிட்டு, அந்த வேப்பம்பலகையை எடுத்துக் காலால் மிதித்து இரண்டாக உடைத்தார். “எத்தன வருசம் வீணா ஒங்கள ஏசியிருக்கேன்” என்று ரோச்சிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்.

ஐந்து ரூபாய் ஆறணாவைச் சேர்த்துக் கொடுத்து ரசீது வாங்கினார்கள். ஆண்கள் வளனைத் தோளில் தூக்கப் பார்த்தார்கள். அவன் வெட்கப்பட்டு நழுவிவிட்டான். கூட்டம் கலையத் தொடங்கியது. மேனேஜரும் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார். அப்போதும் அந்தப் பன்னிரண்டு பெண்கள் மட்டும் நகராமல் நின்றார்கள்.

“இன்னும் என்ன அம்மா?”

“இன்னைக்குக் கூலி சார்” என்றாள் ஹில்டா. “விடியமுன்ன வந்து அய்யாயிரம் சங்கு தூக்கியிருக்கோம். அளக்கணும்னு சொன்னது நாங்கதான். தப்பு பலகையில அளந்தது நாங்க இல்லையே.”

சங்கரபாண்டியன் என்னவோ சொல்ல வந்தார். மேனேஜர் கையைக் காட்டி நிறுத்தினார். உள்ளே போய்ப் பணப்பெட்டியைத் திறந்து, சில்லறையாக அள்ளிக்கொண்டு வந்து ஹில்டாவின் கையில் கொட்டினார். பன்னிரண்டு பேருக்குத் தலைக்குப் பத்தணா, ஏழு ரூபாய் எட்டணா.

ஹில்டா அங்கேயே உட்கார்ந்து முந்தானையை விரித்து எண்ணினாள். எண்ணி முடித்து, மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள். ஓர் அணாக் காசைத் தனியாக எடுத்து மேனேஜரிடம் நீட்டினாள்.

“ஒரணா கூட இருக்கு சார்.”

“பரவாயில்லை அம்மா, வைத்துக்கொள்ளுங்கள்.”

“வேண்டாம் சார். ரெண்டு வருசங் கழிச்சு காயிதத்தத் தூக்கிட்டு வருவிய.”

கிருபாநிதி சத்தமாகச் சிரித்துவிட்டார். காசை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வாசல் வரைக்கும் போய்விட்ட ஆக்னஸ் அங்கிருந்தே கத்தினாள்:

“ஏளா ஹில்டா! அதுக்கும் ரசீது வாங்கிக்கோ!”

ஹில்டா கையை நீட்டியபடியே நின்றாள். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.